டீ ஒயினும் அண்ணன் அடைத்த ஓட்டையும்

என் லூர்து அண்ணிக்கு, நிறைய அன்போடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுகிறேன்.

கோபம் எதற்கென்றால், அந்த டப்பாவை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்களே, அதற்கு. அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் இருந்த பெரிய பிஸ்கட் டப்பா. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியின் விருந்தினர் விடுதியில் நீங்கள் அறை சுத்தம் செய்யப் போய்க்கொண்டிருந்தபோது, தங்கினவர்கள் தொடாமல் விட்டுப்போன டீ பேக்குகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அங்கிருந்த மேனேஜர் அம்மாவே கொடுப்பார். நீங்களும் சாப்பாட்டுக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவீர்கள். டப்பா நிறைந்து மூடி உட்காராமல் போனது. அதற்கும் அசராமல் மேலே ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு வைத்தீர்கள்.

அந்த டீயை நம் வீட்டில் யார் குடித்தோம்? அண்ணன் ஒரே ஒருமுறை ஒரு பையை நூலோடு தூக்கிப் பார்த்து, "இன்னா லூர்து இது, டீயா தூண்டிலா? நூல் கட்டி உட்டுக்கிறான்!" என்றார். நீங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். எனக்கு அது வெந்நீரில் சாயத் துணியை அலசின மாதிரி இருந்தது. நம் வீட்டு டீ என்றால் இஞ்சி தட்டிப்போட்டு, பாலோடு கொதித்துக் கொதித்து நிறம் மாறி வருவது. நீங்கள்கூட அந்தப் பையைப் போட்டு ஒரு வாய் குடித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் ஏன் அண்ணி அத்தனையும் சேர்த்தீர்கள்? யாருக்கு?

கேட்டிருக்கலாம். ஒரே அடுப்படியில் எத்தனை காலம் முட்டி மோதினோம்! கணவர் இறந்து, தையல் மெஷினும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக நான் பழவேற்காட்டுக்கே திரும்பி வந்தேனே, அன்றைக்கு அண்ணன் வாசலில் நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நீங்கள்தான், "மிஷின எங்க போடலாம் ரீத்தா? ஜன்னல் பக்கம் போட்டா வெளிச்சம் நல்லாருக்கும்" என்றீர்கள். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள், அந்த ஒரு கேள்வியில் உடைந்துபோனேன்.

ஒருவர் போனதும் வீடு அமைதியாகிவிட்டது என்று சொல்வார்கள். நம் வீட்டில் அப்படியெல்லாம் ஆகவில்லை. மிக்சி ஓடியது, டிவி ஓடியது, என் மெஷின் ஓடியது. உங்கள் பெயர் மட்டும் கேட்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து அண்ணன் உங்கள் பெயரை வாயில் எடுக்கவே இல்லை. யாராவது வந்து உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார்.

அங்கே போயும் வேலை பார்ப்பதில்லை. விரிசல் விட்ட பைபர் படகுகளைக் கொண்டுவந்து நிறுத்தி, சவரியண்ணன் வரட்டும் என்று காத்துக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளைத் தேடிப் போனார்கள். ஓட்டை அடைப்பதில் இந்த ஏரியைச் சுற்றி உங்கள் வீட்டுக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது என்று உங்களுக்கு எவ்வளவு பெருமை! அந்த மனிதர் படகுக் கொட்டகையைப் பூட்டிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பயமாக இருந்தது அண்ணி. அழுதிருந்தால் பயந்திருக்க மாட்டேன். குடித்துவிட்டுப் புலம்பியிருந்தால்கூட நாலு வார்த்தை திட்டித் தெளிய வைத்திருப்பேன். பேசாத மனிதனை என்ன செய்ய முடியும்?

கல்லறைத் திருநாள் வந்தது. நானும் உங்கள் மகள் ஜெனியும் உங்கள் கல்லறையில் புல்லைச் செதுக்கி, செவ்வந்தி வைத்து, மெழுகுவத்தி கொளுத்தினோம். மழைத் தூறலில் அது அணைந்துகொண்டே இருந்தது. அண்ணன் வரவில்லை. மழையாம். மழையில் நனையாத மனிதர் பாருங்கள்! திரும்பி வரும் வழியில் கார் ஒன்று நின்று, டச்சுக் கல்லறைக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்கள். ஜெனி கையை நீட்டி வழி காட்டினாள். கார் போனதும், "எங்கிருந்தோ வந்து யாரோ செத்தவங்கள பாக்க வராங்க அத்த. எங்க நைனாக்கு அம்மாவ வந்து பாக்க முடியல" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவர் மறக்கல ஜெனி" என்றேன்.

"மறக்கலன்னா ஒரு வார்த்த பேசணும்ல? கிறிஸ்மஸ்க்கு நான் வரல. யாரும் ஒண்ணும் பேசாத வூட்ல வந்து நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு, தான் இருக்கிற மீஞ்சூருக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. அப்பாவும் வேண்டாம், வீடும் வேண்டாம் என்று ஒரு பெண் முடிவெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வழக்கமாகக் கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு நீங்கள் பொன்னேரிக்குப் போய்க் கருப்புத் திராட்சை வாங்கி வருவீர்கள். கழுவி, உலர்த்தி, மசித்து, பீங்கான் ஜாடியில் சர்க்கரை போட்டு மூடினால் கிறிஸ்துமஸுக்கு ஒயின். இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஒயின் ஒரு வருடம்கூட உருப்படியாக வந்ததில்லை. புளி கரைத்த மாதிரி இருக்கும். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு டம்ளர் குடிப்பார். அந்த ஜாடியில் கை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அது உங்களுடையது.

அப்போதுதான் கைபேசியில் ஜாக்கெட் கழுத்து டிசைன் தேடிக்கொண்டிருந்தவள் கண்ணில் ஒரு வீடியோ பட்டது. டீ பேக்கில் ஒயின். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட எளிது கிடையாதாம். மெஷின் மிதிக்கிற காலை நிறுத்திவிட்டு நான் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தேன்.

அண்ணனிடம் கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை. "அண்ணா, அந்த டீ பேக் டப்பாவ எடுத்துக்கட்டா? ஒயின் போடலாம்னு பாக்கறேன்."

"டீயில ஒயினா?"

"ஆமாண்ணா."

"பைத்தியமா நீ?"

"ஆமாண்ணா."

அவர் கொஞ்ச நேரம் மேல்தட்டைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நம் வீட்டில் இப்போதெல்லாம் அதற்குச் சரி என்று அர்த்தம்.

எளிது என்று சொன்னவள் வாயில் மண்ணைப் போட! நம் போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் கடைத் தண்ணீரைக் கேன் கேனாக வாங்கினேன். கொதிக்கவைத்து இறக்கி, டீ பேக்குகளைக் கொத்தாகக் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். ஊறினதும் எடுத்துவிட வேண்டும், பிழியக் கூடாது, பிழிந்தால் கசக்கும் என்றார்கள். எதையும் ஒட்டப் பிழிந்தே பழகின கை, சும்மா இருக்குமா? பாதியைப் பிழிந்த பிறகுதான் நினைவு வந்தது. சர்க்கரையைக் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, டீயில் சத்து இல்லையென்று உலர்திராட்சையை நறுக்கிப் போட்டு, கடைசியில் பேக்கரியில் வாங்கி வந்த ஈஸ்ட். ஆறும்வரை பொறுக்காமல் சூட்டோடு கொட்டிவிட்டேன். ஈஸ்ட் செத்துப்போனது. காத்திருந்து பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. மறுபடியும் பொன்னேரிக்குப் பஸ்.

இரண்டாவது முறை ஈஸ்ட் போட்ட மறுநாள் மேலே நுரை கட்டியிருந்தது. காதை வைத்தால் உள்ளே ஏதோ முணுமுணுப்பு. அண்ணி, என் பிள்ளை ஒன்று முதல் அடி எடுத்து வைத்ததுபோல நான் தனியாக நின்று கை தட்டினேன். சில நாள் கிளறிவிட்டு, அரைகுறையாக வடிகட்டி, ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, திருகு மூடியில் ஊசியைக் காய்ச்சி ஒரு ஓட்டை போட்டேன். உள்ளே உண்டாகிற காற்று போக வழி வேண்டுமல்லவா? பழைய புடவை ஒன்றைச் சுற்றி, அண்ணன் கட்டில் தலைமாட்டு மூலையில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். வீட்டில் அதைவிட இருட்டான மூலை இல்லை. ஓட்டையைப் பற்றி அண்ணனிடம் சொல்லத் தோன்றவில்லை. அதற்குள் கிறிஸ்துமஸ் துணிகள் தைக்க வந்து குவிந்தன, கேன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்று. பூசை முடிந்து வந்த அண்ணன் கழற்றச் சோம்பல்பட்டு வெள்ளைச் சட்டையோடே கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் அடுப்படியில் மடவை மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். டமார் என்று ஒரு சத்தம். சிலிண்டர்தான் போய்விட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்தேன். அடுத்த நொடி, உள்ளறையிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"லூர்து! ஏ லூர்து! இங்க வந்து பாரு, உன் நாத்தனா பண்ணி வச்சிக்கிற வேலைய!"

பழைய குரல் அண்ணி. வலை அறுந்தாலும் மின்சாரம் போனாலும் அடுப்படியைப் பார்த்துக் கத்துவாரே, அதே குரல். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இன்னாங்க, இன்னா ஆச்சு?" என்று நீங்கள் போயிருக்க வேண்டும். கரண்டியும் கையுமாகப் போய் நின்றது நான்.

கூரையிலிருந்து டீ சொட்டிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் பழுப்பு. சேசு படத்தின் கண்ணாடியில் வழிந்தது. அண்ணன் கட்டிலின் நடுவில் எழுந்து நின்றிருந்தார், சட்டை முழுக்க நனைந்து, தலைமுடியில் ஒரு உலர்திராட்சைத் துண்டு ஒட்டிக்கொண்டு. நிலைவாசலில் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இன்னும் ஒரு ஆள் வருகிறதா என்று பார்த்தார். அப்புறம் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"அவ இல்லையில்ல, ரீத்தா" என்றார்.

"இல்லண்ணா" என்றேன்.

அவர் அழுதார். உங்கள் பெட்டியைக் குழியில் இறக்கினபோது அழாத மனிதர், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பையன் மாதிரி அழுதார். நான் பக்கத்தில் அந்த ஈரக் கட்டிலிலேயே உட்கார்ந்து கூட அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மீன் எண்ணெயிலேயே கிடந்து ஊறிப்போனது.

அழுகை ஓய்ந்த பிறகுதான் கேனைப் பார்த்தேன். பேத்தை மீன் வயிறு மாதிரி உப்பி, பக்கவாட்டில் கிழிந்து கிடந்தது. மூடியையும் கழுத்தையும் சேர்த்து படகு ஒட்டுகிற பைபர் மேட் துணியைச் சுற்றி, ரெசின் பசை பூசி, கல் மாதிரி இறுகியிருந்தது. நான் போட்ட ஓட்டையைக் காணோம்.

"இது யார் பண்ண வேலைண்ணா?"

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் வந்துக்கினே இருந்துச்சு. பாத்தா மூடில ஓட்ட. அடச்சுட்டேன்."

"அது நான் போட்ட ஓட்டைண்ணா! காத்து போறதுக்குப் போட்டது!"

"ஓட்டைய பாத்தா அடைக்காம இன்னா பண்ணுவாங்க?" என்றார். கேனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையால் மூடியைத் தட்டினார். "பாரு, கேனுதான் கிழிஞ்சிக்கிது. நான் ஒட்டின எடம் அசையவேல்ல."

கண்ணீர் காயாத முகத்தில் அந்தப் பெருமையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. படகுக்காரர்கள் வந்து கெஞ்சியும் கொட்டகையைத் திறக்காத மனிதர், எனக்கே தெரியாமல் ரெசினும் மேட்டும் எடுத்து வந்து, உட்கார்ந்து பூசியிருக்கிறார் பாருங்கள்.

அன்று மத்தியானம் முழுக்கச் சுவர் துடைத்தோம். துடைத்துக்கொண்டே அண்ணன் பேசினார். எல்லாம் உங்களைப் பற்றித்தான். கல்யாணமான புதிதில் உங்களைத் தோணிரேவு கிராமத்துக்குப் படகில் அழைத்துப் போனாராமே? வயல்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெண், தண்ணீர் என்றால் பயம், படகின் அடியில் அவர் அடைத்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஏரியைத் தாண்டும்வரை அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டே வந்தீர்களாம். "எம்மேல நம்பிக்க இல்லியான்னு கேட்டேன். இருக்குது, இருந்தாலும் கையும் இருக்கட்டும்னா" என்று சொல்லிவிட்டு, துணியைப் பிழியாமல் நின்றுவிட்டார். எனக்கு இதை நீங்கள் சொன்னதே இல்லை.

டீ பேக் எதற்குச் சேர்த்தீர்கள் என்றும் கேட்டுப் பார்த்தேன். "நானும் கேட்டுக்கிறேன். இருக்கட்டுமேன்னா" என்றார். அவ்வளவுதான் அவருக்கும் தெரிந்தது.

மறுநாள் ஜெனிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "அம்மா பேர சொல்லியா கத்துச்சு நைனா?" என்று மட்டும் கேட்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்தாள். ஒயின் இல்லாத கிறிஸ்துமஸ், கேக்கோடு முடிந்தது. அப்பாவும் பெண்ணும் உங்கள் கல்லறைக்குப் போய் வந்தார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

டப்பாவில் மிச்சமிருந்ததை வைத்து அண்ணனே அடுத்த ஒயினுக்கு அவசரப்படுத்தினார். இந்த முறை நான் பிழியவில்லை, சூட்டோடு ஈஸ்டைக் கொட்டவில்லை. அவர் கொட்டகையிலிருந்து புது டியூப் ஒன்றை வெட்டி வந்து, மூடியில் துளை போட்டுச் செருகி, சுற்றிலும் காற்றுப் புகாமல் ஒட்டி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். காற்று குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. பொளக் பொளக் என்று அது போகிறதைப் பார்த்துக்கொண்டு காலையில் டீ குடிப்பார். கொட்டகையில் இப்போது இரண்டு படகு நிற்கிறது. ஒன்றுக்குச் சாயம் பூசுவதுதான் பாக்கி.

ஈஸ்டருக்கு ஜெனி வந்ததும் திறந்தோம். அடியில் வண்டல் தங்கி, மேலே தெளிந்து, தேன் நிறத்தில் இருந்தது. குடித்தால் டீயும் இல்லை, உங்கள் ஒயினும் இல்லை. முதலில் எலுமிச்சை, அப்புறம் லேசாக ஒரு துவர்ப்பு, தொண்டையில் இறங்கினதும் கதகதப்பு. அண்ணன் ஒரு வாய் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் காக்க வைத்தார்.

"லூர்து போட்டத விட இது பரவால்ல" என்றார்.

"நைனா! அம்மா மட்டும் கேட்டிருந்தா அவ்ளோதான்" என்று ஜெனி சிரித்தாள். எனக்குச் சந்தோஷம்தான், என்றாலும் உங்களுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். மன்னித்துவிடுங்கள் அண்ணி, அது உண்மைதான்.

கேன் வெடித்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அண்ணன் உங்களைக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. புத்தி பேதலித்தெல்லாம் இல்லை, அவருக்கு எல்லாம் தெரியும். ஏதாவது காணவில்லையென்றால், கால் இடித்துக்கொண்டால், நல்ல மீன் கிடைத்தால், வாய் தன்னால் அந்தப் பெயருக்குப் போய்விடுகிறது. நேற்று மத்தியானம் ஜெனி ஊருக்குக் கிளம்பத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "லூர்து, என் கண்ணாடி எங்க வச்ச?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. ஜெனியின் கை நின்றுவிட்டது. "நைனா, அம்மாதான்..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்னாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனேன். கண்ணாடி ஜன்னல் திட்டில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார், வாங்கி மாட்டிக்கொண்டார், "சரிம்மா" என்றார்.

இதுதான் நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. அவர் உங்களைக் கூப்பிடும்போது, நீங்கள் இல்லையென்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல விடமாட்டேன். அது அவருக்குத் தெரியும். கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவரால் தாங்க முடியாதது. நான் இருக்கிறவரைக்கும் அவர் அப்படிக் காத்திருக்க வேண்டாம் அண்ணி. உங்கள் பெயர் கேட்டதும் நான் எழுந்து போவேன்.

என்றைக்கும் உங்கள் வீட்டு நாத்தனாராகவே,
ரீத்தா